சேராத இரண்டு முனைகள்

1

இந்தக் கதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிறந்தது. என் நாத்தனார் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஒரு விடுமுறை நாள் மதியம் வந்தவள், கைப்பையிலிருந்து இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பயிற்சி வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த புதுக் குழாய்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் நகத்தளவு ஒரு மூட்டு.

“அண்ணி, இது ரெண்டையும் சேத்துக் காட்டுங்க பாப்போம்.”

திருகினேன். அமுக்கினேன். ஒன்றைத் திருப்பிப் பிடித்து மறுபடி திருகினேன். “இதுகூடத் தெரியலையா, இங்க குடு” என்று என் கணவர் வாங்கினார். முகம் சிவக்கும்வரை மல்லுக்கட்டினார். கடைசியில், “செஞ்சவன் தப்பா செஞ்சிருக்கான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

நாத்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “தப்பா செய்யலண்ணா. ஒண்ணு, முழுங்க முடியாதவங்களுக்கு மூக்கு வழியா வயித்துக்குச் சாப்பாடு போற குழாய். இன்னொண்ணு ரத்தத்துக்கு மருந்து போறது. ரெண்டும் ஒரே கட்டில்ல, ஒரே ஆள் மேல, பக்கத்துல பக்கத்துல கிடக்கும். சாப்பாடு ரத்தத்துல போச்சுன்னா ஆள் பிழைக்கிறது கஷ்டம். அதனால ரெண்டும் சேரவே கூடாதுன்னு செஞ்சிருக்காங்க.”

“முன்னாடி சேருமா?”

“முன்னாடி சேரும்” என்றாள். சொல்லிவிட்டு ரொம்பச் சாதாரணமாகத் தண்ணீர் கேட்டாள்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயத்தினால் இல்லை. வியப்பு. பொருத்துவதற்காகவே மனிதர்கள் எத்தனையோ செய்திருக்கிறார்கள். பூட்டும் சாவியும், பொத்தானும் காஜாவும். பொருந்தாமல் இருப்பதற்காக ஒருவர் மெனக்கெட்டு உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அந்த முகம் தெரியாத ஆளுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அது முடியாது என்பதால் கதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

*மருத்துவமனையின் நீண்ட நடைபாதையில் மரணத்தின் வாசனை மெல்லப்*

வேண்டாம். மருத்துவமனையில் அடிப்பது பினாயில் வாசனை. மரணத்துக்கு என்ன வாசனை என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதுவானேன்?

இரண்டாவது:

*குழாய் என்பது யாது? வெறுமையைச் சுற்றி எழுப்பப்பட்ட சுவரே*

இதை நாத்தனாரிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். “அண்ணி, யாராவது வந்து பரீட்சை வெச்சாங்களா?” என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. சேராத முனைக்கு முன்னால் யார் ஆபத்தான ஆள்? நான் இல்லை. நான் கொஞ்சம் திருகிப் பார்த்துவிட்டுக் கைகழுவி விடுவேன். என் கணவரும் இல்லை; அவர் திட்டிவிட்டுச் சாப்பிடப் போவார். விடமாட்டேன் என்று நிற்கிற ஆள்தான் ஆபத்து. கெட்டிக்காரக் கை. எதையும் எதனோடும் சேர்த்தே பழகிய கை.

ஆக, ஒரு பிளம்பர்.

(எனக்குத் தெரிந்த பிளம்பர்கள் யாரும் இவர் இல்லை. எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. அவர்களில் யாரையும் பகைத்துக்கொள்ள என்னால் முடியாது.)

3

அவருக்கு வட்டாரத்தில் ‘எப்படியாவது’ என்று பெயர். எந்த வீட்டில் எந்தக் குழாய் உடைந்தாலும், “இந்த அளவு இப்ப வர்றதில்லையே” என்று வீட்டுக்காரர் கையைப் பிசைந்தாலும், அவர் சொல்வது ஒன்றுதான்: “எப்படியாவது சேத்துடலாம்.” சேர்த்தும்விடுவார். இரும்புக் குழாயைப் பிளாஸ்டிக்கோடு, பழையதைப் புதியதோடு. சட்டைப் பையில் ரப்பர்த் துண்டும் டேப்பும் எப்போதும் இருக்கும். “எப்படியாவது வந்துட்டாரா?” என்று கேட்பார்கள். “எப்படியாவது இப்பதான் போறாரு” என்பார்கள்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அவர் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் கிண்டலாகத் தொடங்கியது, பிறகு அதுவே பெயராகிவிட்டது. டீச்சருக்கு அவர் திறமையில் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. அவர்கள் வீட்டுக் குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் வரும். பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். “சேரலேன்னா விட்டுத் தொலைங்களேன்” என்று டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த டீச்சருக்குத்தான் ஒரு காலையில் கரும்பலகை முன்னால் நிற்கும்போதே வாய் கோணியது. மூளையில் அடைப்பு. பேச்சுப் போயிற்று, வலது கை போயிற்று, விழுங்குவதும் போயிற்று. கண்ணும் புத்தியும் இடது கையும் மிச்சம். மூக்கு வழியாக ஒரு குழாய் வயிற்றுக்குப் போகிறது. வலது கையில் மருந்துக்கு இன்னொரு குழாய்.

அந்த வார்டின் நர்ஸ்தான் என் நாத்தனார். (அவளே இல்லை. ஆனால் அவள் கை.) ஒவ்வொரு வேளையும் டீச்சருக்கு உணவு கொடுக்கும் முன் அவள் ஒரே வேலையை ஒரே வரிசையில் செய்வாள். மணிக்கட்டுப் பட்டையில் பெயர் பார்ப்பாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவாள். மூக்கருகே குழாயில் போட்டிருக்கும் மைக்கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் திரவம் இழுத்து, ஒரு காகிதத் துண்டில் தொட்டு, நிறம் மாறுகிறதா, அது வயிற்று அமிலம்தானா என்று பார்ப்பாள். தண்ணீர் செலுத்திக் குழாயைக் கழுவுவாள். கடைசியாக, உணவுப் பையிலிருந்து டீச்சரின் மூக்குவரை விரலால் குழாயைத் தடவிக்கொண்டே வருவாள். அப்புறம்தான் திறப்பாள்.

முதல் நாள் பிளம்பர் பேசாமல் பார்த்தார். இரண்டாம் நாள் பொறுக்கவில்லை.

“ஏன் சிஸ்டர், இதையேதான காலைலயும் பாத்தீங்க? கட்டிலும் அதே கட்டில், குழாயும் அதே குழாய். என் பொண்டாட்டியும் அதே பொண்டாட்டி.”

“காலைல இருந்தது காலைலய்யா” என்றாள் நர்ஸ்.

4

இங்கே உங்களிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு விபத்து வேண்டியிருந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் அது மருத்துவமனை, கதை இல்லை. அதனால் நானே சதி செய்ய ஆரம்பித்தேன்.

முதல் சதி: டீச்சருக்கு இருமல் கொடுத்தேன். பலமான இருமல். குழாய் இரண்டு விரல்கடை வெளியே வந்துவிட்டது. உணவு நேரம். நர்ஸுக்கு வேலை தலைக்கு மேல். அவசரத்தில், குழாய் வழியே கொஞ்சம் காற்றை ஊதி, வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திறக்கிறாள் என்று எழுதினேன்.

நாத்தனார் அந்தப் பத்தியைப் படித்துவிட்டுக் காகிதத்தையே என்னிடம் தள்ளினாள். “இதை அச்சுல போட்டீங்கன்னா நான் உங்க வீட்டுப் பக்கமே வரமாட்டேன். காத்து ஊதினா எங்க இருந்தாலும் சத்தம் கேக்கும் அண்ணி. வயித்துல இருந்தாலும் கேக்கும், நுரையீரல்ல இருந்தாலும் கேக்கும். அதை நம்பவே கூடாது.”

“கதைக்காக ஒரு தடவை?”

“கதையில வர்றவங்களுக்கு நுரையீரல் இல்லையா?”

அவள் ஒரு காகிதத்தில் தொண்டையை வரைந்து காட்டினாள். உள்ளே ஒரே வாசல். கொஞ்சம் இறங்கியதும் இரண்டு வழி. ஒன்று சோற்றுக்கு, ஒன்று மூச்சுக்கு. இரண்டும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன மூடி வந்து மூச்சுவழியை மூடிவிட்டுப் போகிறது. பிறந்ததிலிருந்து, கேட்காமலே, சொல்லாமலே. நான் பேனாவை வைத்துவிட்டு எச்சில் விழுங்கிப் பார்த்தேன். இன்னொரு தடவை விழுங்கினேன். நாற்பத்தெட்டு வயதுவரை எனக்காக இப்படி ஒன்று உழைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

அதனால் திருத்தி எழுதினேன். நர்ஸ் வருகிறாள். குனிகிறாள். மைக்கோடு மூக்கைவிட்டு விலகியிருக்கிறது. அவ்வளவுதான், உணவுப் பையை அப்படியே எடுத்து வைத்துவிட்டாள். எக்ஸ்ரே படம் எடுத்து, குழாயைச் சரிசெய்து, மறுபடி படம் பார்த்த பிறகுதான் சாப்பாடு என்றாள். படம் எடுக்கும் அறையில் கூட்டம். காலை உணவு போயிற்று. மதியமும் போய்க்கொண்டிருந்தது.

டீச்சரின் வயிறு கத்தியது பிளம்பருக்குக் கேட்டது.

“பட்டினி போட்டே கொல்லப் போறீங்களா?” என்று நடைபாதையில் நின்று சத்தம் போட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“பசிய ஆத்திக்கலாம்யா” என்றாள் நர்ஸ். குரலை உயர்த்தவில்லை. “நுரையீரல்ல போனா எடுக்க முடியாது.”

என் சதி பலிக்கவில்லை. ஒரு மைக்கோடு அதை முறியடித்துவிட்டது.

இரண்டாவது சதி: மனைவி சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவது பொறுக்காமல், பிளம்பர் கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கிவிடுகிறார். பாசத்தில் செய்கிற காரியம், படிக்கிறவர்கள் கண் கலங்குவார்கள். வயிற்றில் இருப்பது மேலே ஏறி மூச்சுவழிக்கு வரும். நன்றாகத்தான் யோசித்தேன். ஆனால் நான் அந்த வரியை முடிப்பதற்குள் நர்ஸ் மறுபடி உயர்த்திவிட்டாள். அவளை எங்கே நிறுத்தினாலும் அவள் கண் முதலில் கட்டிலின் சாய்வைத்தான் பார்க்கிறது. நான் படைத்தவள்தான். என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறாள்.

ஒன்றும் நடக்கவில்லை என்பதற்குப் பின்னால் எவ்வளவு நடக்கிறது! இத்தனை வருடம் எழுதுகிறேன், இது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

5

கடைசியில் விபத்தை டீச்சரின் கையிலேயே கொடுத்தேன்.

பிற்பகல். குழாய் சரியாகிவிட்டது, படமும் சரி. நர்ஸ் தன் வரிசையை முழுக்க முடித்து, விரலால் தடவி வந்து, திறந்தாள். பால் நிறத்தில் உணவு குழாயில் இறங்கியது. பிளம்பருக்கு முகமே மாறிவிட்டது. “டீச்சர், சாப்பாடு வருது, சாப்பாடு வருது” என்றார் குழந்தையிடம் சொல்வதுபோல. அந்த நேரத்தில் அடுத்த கட்டில்காரருக்கு மூச்சுத் திணறியது. நர்ஸ் ஓடினாள். நடுவில் திரை இழுக்கப்பட்டது.

டீச்சரின் இடது கை சும்மா இருக்கவில்லை. மூக்கு அரித்ததோ என்னவோ, குழாயைத் தேடிப் பிடித்து, மூட்டைத் திருகி, இழுத்துவிட்டது.

(இங்கே நாத்தனார் சண்டைக்கு வந்தாள். “நான் திருகினது தானா கழலாது.” தானாகக் கழலவில்லை, டீச்சர்தான் கழற்றினார் என்று காட்டினேன். “அப்படின்னா சரி. பேஷண்ட்ஸ் கை சும்மா இருக்காது” என்று அனுமதி கொடுத்தாள்.)

மூக்கிலிருந்து வரும் குழாயின் முனை தலையணைக்குப் பின்னால் போய் விழுந்துவிட்டது. உணவுப் பையிலிருந்து வரும் குழாயின் முனை போர்வைமேல் கிடந்து சொட்டுகிறது. காலையிலிருந்து காத்திருந்த சாப்பாடு துணியில் ஊறுகிறது. பிளம்பர் ஒரே எட்டில் போய் இடது கையால் குழாயை மடக்கிப் பிடித்தார். சொட்டு நின்றது. அது தொழிலில் வந்த கை, சரியாகத்தான் செய்தது.

அடுத்தது எங்கே சேர்ப்பது? ஒழுகும் முனைக்குப் பக்கத்தில் திறந்த முனை இருந்தால் அதுதான் ஜோடி. அவர் தொழிலில் அப்படித்தான். பக்கத்தில் ஒரு முனை இருந்தது. டீச்சரின் வலது கைமேல். மருந்துப் புட்டி முடிந்து கழற்றிய பின், மூடி போட்டு ஒட்டி வைத்திருந்த முனை.

அவர் மூடியைக் கழற்றினார்.

(“அந்த மூடியைக் கழட்டினதே தப்பு. அப்புறம் என்ன ஆனாலும் அந்த முனைய மாத்தியாகணும். அதையும் எழுதுங்க” என்றாள் நாத்தனார். எழுதிவிட்டேன்.)

இரண்டையும் கிட்டக் கொண்டுவந்தார். சேரவில்லை. திருகினார். சேரவில்லை. டீச்சர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வாய் இல்லை.

“இரு டீச்சர், எப்படியாவது...” என்றார்.

6

இந்த இடத்தில் நான் பல நாள் நின்றுவிட்டேன். முடிவுகளை எழுதி எழுதிப் பார்த்தேன்.

ஒன்று:

*வலது கையால் டேப்பை எடுத்தார். பல்லால் கிழித்தார். ரப்பர்த் துண்டை நடுவில் வைத்து, வாழ்நாளில் அவர் செய்ததிலேயே மிக நேர்த்தியான ஒட்டாக*

இதற்கு மேல் எழுத வரவில்லை. அவர் ஒட்டினால் ஒட்டிவிடும், அதுதான் பிரச்சினை. கெட்டிக்காரர். உணவு ரத்தத்துக்குள் இறங்கும். “சாப்பாடு போகுது டீச்சர்” என்று அவர் சந்தோஷமாகச் சொல்வார். அந்த ஒரு வரி என் காதில் கேட்டது. பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இரண்டு:

*திரையை விலக்கிக்கொண்டு நர்ஸ் பாய்ந்து வந்தாள். “நிறுத்துங்க!”*

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். “நான் எப்ப அண்ணி பாய்ஞ்சேன்? எனக்கு முட்டிவலி.” சிரித்து முடித்ததும் குரல் மாறியது. “நான் அந்தப் பக்கம் ஒருத்தர் மூச்சைப் பிடிச்சுட்டு இருப்பேன். எனக்கு இருக்கிறது ரெண்டு கை. நான் வந்துடுவேன்னு நம்பி எதையும் முடிக்காதீங்க. நான் இல்லாதப்பவும் காப்பாத்தணும்னுதான் அந்த முனைய அப்படி செஞ்சிருக்காங்க.”

7

அப்படியானால் அவரை எது நிறுத்தும்? இங்கேதான் எனக்கு அவர்மேலேயே சந்தேகம் வந்தது. சேராததைச் சேர்ப்பதே பிழைப்பாக இருக்கிற ஒருவர், சேரவில்லை என்பதற்காக நிற்பாரா? அதுவும் பசித்த மனைவி முன்னால்?

விடை அவர் கட்டைவிரலில் கிடைத்தது. அவர் தண்ணீர்க் குழாய் மட்டும் பார்க்கிறவர் இல்லை, இரும்புக் குழாய்களுக்கு வெல்டிங்கும் வைப்பார். வெல்டிங் எரிவாயு உருளையின் திருகு எல்லாத் திருகையும் போல வலப்பக்கம் இறுகாது. இடப்பக்கம்தான் இறுகும். வேறு எதையும் அதில் யாரும் தப்பித் தவறி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி. அந்தத் திருகை அவர் ஆயிரம் முறை தொட்டிருப்பார். அது “மாட்டேன்” என்று சொல்வது எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரியும். பொருத்தமில்லாத சாமான் ‘கொஞ்சம் பாடுபட்டால் வருவேன்’ என்று சொல்லும். இது அப்படிச் சொல்லவில்லை.

அவர் கையை நிறுத்தினார்.

இரண்டு முனைகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிசிறு இல்லை. உடைசல் இல்லை. இரண்டும் அச்சுப் பிசகாமல், அழகாக, ஒன்றுக்கொன்று சேராமல் இருந்தன.

“இது தப்பா செஞ்சதில்ல” என்று தனக்குள் சொன்னார். “வேணும்னே செஞ்சிருக்கான்.”

யாரோ ஒருவன், எங்கேயோ இருக்கிறவன், இவரைப் பார்த்ததே இல்லாதவன், இப்படி ஒரு பிற்பகலில், இப்படி ஒரு அவசரத்தில், இப்படி ஒரு பிடிவாதக் கை வந்து நிற்கும் என்று நினைத்திருக்கிறான். டீச்சரைத் தெரியாது அவனுக்கு. ஆனாலும் டீச்சருக்காக யோசித்திருக்கிறான். இந்த வியப்பு என்னுடையதுதான், எடுத்து அவருக்குக் கொடுத்தேன். ஆனால் அவர் கையில் அது இன்னும் பெரிதாகிவிட்டது. எனக்குப் பணயம் ஒன்றுமில்லை, அவருக்கு மனைவி.

இத்தோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நாத்தனாருக்கு அனுப்பினேன். படித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“நல்லா இருக்கு அண்ணி. ஆனா அவர் நின்னாருன்னுதான் எழுதியிருக்கீங்க. என்ன செஞ்சாருன்னு எழுதலையே?”

“நின்னா போதாதா?”

“போதாது. நின்னவங்களும் யோசிச்சிட்டு மறுபடி ஆரம்பிப்பாங்க. பக்கத்துல பசியோட ஒருத்தர் பாத்துட்டு இருக்கும்போது நிக்கிறது ரொம்பக் கஷ்டம்.”

8

அவள் சொல்வது சரி. பிளாஸ்டிக் முனையால் “கூடாது” என்று சொல்லத்தான் முடியும். கேட்பது ஒரு மனிதர்தான்.

நான் என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். அழைப்பு மணியின் கயிற்றைத் தலைமாட்டில், அவருக்குக் கை எட்டும் தூரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். முதல் வரைவில் அது இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் மூச்சுத் திணறியவருக்கு மூச்சைச் சீராக்கிக்கொண்டிருக்கிறேன். நர்ஸ் சீக்கிரம் கை ஒழிவாள். டீச்சரின் கண்ணை மூடவிடாமல் வைத்திருக்கிறேன். அவருடைய பையிலிருந்து டேப்பை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. எடுத்தால் அவர் வேறு யாரோ ஆகிவிடுவார்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. நான் எழுதினால் பிழைக்கவைத்துவிடுவேன், எனக்கு அவர்களைப் பிடித்துப்போய்விட்டது. அப்படிப் பிழைப்பதை நீங்களும் நம்பமாட்டீர்கள், நாத்தனாரும் நம்பமாட்டாள்.

ஆனால் நீங்கள் இப்போது அந்தக் கட்டிலருகில்தான் நிற்கிறீர்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அந்த அறையில் அவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தலையணைக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்றும் தெரியும். அவர் இடது கை குழாயை மடக்கிப் பிடித்திருக்கிறது, விரல்கள் வெளுத்துவிட்டன. வலது கை சும்மா இருக்கிறது. மேலே மணிக்கயிறு, கீழே சட்டைப்பை. கை மெல்ல அசைகிறது.

ஏதாவது சொல்லுங்கள். டீச்சருக்குப் பசிக்கிறது.